தோண்டிப் பார்த்த அஸ்திவாரம்

அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கான பணத்தைக் கேட்டு அதே அரசாங்கத்தின் வாசலில் போய் நிற்கிறவனைப் பார்த்து யாருக்கும் இரக்கம் வருவதில்லை. கான்ட்ராக்டர் என்றாலே கொள்ளைக்காரன்தானே! சிமென்ட்டைக் குறைத்து, மணலைக் கூட்டி, மிச்சத்தில் கார் வாங்கினவன். அப்படிப்பட்ட ஆட்களும் இருக்கிறார்கள், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவர்களுக்குப் பணம் வராமல் பில் நிற்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? நிற்பதெல்லாம் நம்முடைய கான்ட்ராக்டர் மாதிரி ஆட்களுக்குத்தான்.

இவருக்குத் தொழிலில் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'சரிங்க சார்.' எந்த என்ஜினியர் என்ன சொன்னாலும் வாயில் அதுதான் வரும். ஜன்னலை இந்தப் பக்கம் வை என்றால் சரிங்க சார். வைத்த ஜன்னலைப் பெயர்த்து அந்தப் பக்கம் வை என்றாலும் சரிங்க சார். மற்ற கான்ட்ராக்டர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுங்க, நமக்கு அடுத்த வேலை கிடைக்குதில்ல" என்பார்.

ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்டும்போதுதான் வினை பிடித்தது. டிராயிங்கில் போட்டிருந்தது ஐந்தடி ஆழம். ஐந்தடி தோண்டியும் கெட்டித் தரையைக் காணோம். கீழே கொழகொழவென்று களிமண். சைட் என்ஜினியர் குழிக்குள் இறங்கி, ஒரு கம்பியை வாங்கிக் குத்திப் பார்த்தார். ஒற்றைக் கையால் அழுத்தினதற்கே பாதிக் கம்பி உள்ளே போய்விட்டது. மனுஷனுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"இதுமேல கட்டினா ரெண்டே மழையில கட்டடம் வாயைப் பொளந்துரும்யா. இன்னும் கீழ போங்க. கெட்டி வர்ற வரைக்கும் போங்க."

"எழுத்துல ஒரு வார்த்தை கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும் சார்."

"கொடுக்காம எங்க போறேன்? ஆனா ஃபைல் மேல போயிட்டு வர்றதுக்கு மாசக்கணக்காகும். வானத்தைப் பாருங்க. மழை இறங்கிட்டா குழி குளமாயிடும், பக்கமெல்லாம் சரிஞ்சு விழும். நீங்க ஆரம்பிங்க, பேப்பரை நான் பாத்துக்கறேன்."

"சரிங்க சார்."

இதைக் கேட்டுவிட்டு 'எவ்வளவு பெரிய முட்டாள்' என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் எல்லோருமே இப்படித்தான். வேலை முதலில், பேப்பர் பின்னால். பேப்பருக்காகக் கை கட்டி உட்கார்ந்திருந்தால் உலகத்தில் ஒரு கட்டடமும் எழும்பாது. பெரும்பாலும் பேப்பர் வந்தும் விடும். வராத ஒரு முறை யார் தலையில் விடிகிறது என்பதுதான் விஷயம்.

கெட்டித் தரை பத்தடியில் வந்தது. கூடுதலான அந்த ஐந்தடிக்குக் கருங்கல்லும் கான்கிரீட்டும் பணத்தைத் தின்று தீர்த்தன. அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? கல்லில் ஒழுங்கு, கணக்கில் கோட்டை விட்டார். மண்ணுக்குள் போகிற வேலையை மூடுவதற்கு முன்னால், 'மூடப்போகிறேன், வந்து அளவெடுங்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மேலதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகுதான் மண் போட வேண்டும். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மேகம் தலைக்கு மேலே நின்றது, மேலதிகாரி எங்கேயோ கூட்டத்தில் இருந்தார். சைட் என்ஜினியர் டிராயிங்கில் உள்ள ஐந்தடிக்கு மட்டும் அளவு எழுதிக்கொண்டு, "மிச்சத்தைத் தனி பில்லா போட்டுக்கலாம், மூடுங்க" என்றார். மூடினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நல்லவேளை தப்பித்தோம் என்று கான்ட்ராக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், பாவம்.

கட்டடம் எழுந்தது, ரிப்பன் வெட்டினார்கள், என்ஜினியருக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. தனி பில்லை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனார். புதிதாக வந்திருந்த அதிகாரி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தடியா? எங்க இருக்கு?"

"மண்ணுக்குள்ள இருக்கு சார்."

"மண்ணுக்குள்ள நூறடிகூட இருக்கும்பீங்க. யார் பாத்தா?"

அதோடு சரி. அதற்குப் பிறகு செருப்புத் தேய நடந்ததுதான் மிச்சம்.

பணம் அவருடையதாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, தலைமுழுகிவிட்டு இன்னொரு வேலை பார்க்கப் போயிருப்பார். அது தங்கச்சியின் வீடு. கூடுதல் வேலைக்குக் கையில் காசில்லாமல் திண்டாடினபோது, வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தவள் அவள். அப்பா செத்த பிறகு அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணி வைத்தது அண்ணன்தான். அண்ணன் கேட்டு அவள் இல்லையென்று சொன்னதே கிடையாது. இந்த முறை அண்ணன் கேட்கக்கூட இல்லை. முகத்தைப் பார்த்தே கொடுத்துவிட்டாள்.

அவள் புருஷன் டெய்லர். வீட்டின் முன்அறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு கண்ணாடி, துணி வெட்டுகிற ஒரு மேஜை. நாக்கில் எப்போதும் நக்கல் ஊறிக்கொண்டிருக்கும். "மச்சான் ஆஸ்பத்திரி கட்டறாரு, முதல் பேஷன்ட் நாமதான்" என்று அன்றைக்கே சொன்னார். சொல்லிவிட்டு பாங்கில் கையெழுத்தும் போட்டார். நல்ல மனுஷன்.

கடன் கட்டவில்லையென்று பாங்கிலிருந்து நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்தது. கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். தகராறைத் தீர்க்க அரசாங்கம் ஒரு குழு வைத்திருக்கிறதாம். அங்கே கான்ட்ராக்டர் பக்கம் தீர்ப்பானால் அந்தத் தாளைக் காட்டி அவகாசம் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அடுத்த மாதம் வீடு ஏலத்துக்குப் போகும்.

அந்தக் குழுவின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. ஏ.சி. ஓடியது, ஆனால் ஒழுகியது. அதன் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், மூவருமே ரிட்டயரான பெரிய என்ஜினியர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் சாந்தமான ஆள். யாரையும் அதட்ட மாட்டார். பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இவர் பத்தடிங்கறாரு, ஆபீஸ் அஞ்சடிங்குது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? கட்டடத்தை ஒட்டி ஒரு குழி தோண்டிப் பாத்துடலாமே. செலவு உங்களோடது. சம்மதமா?"

"சரிங்க சார்!" என்றார் கான்ட்ராக்டர். அவர் ஆயுசிலேயே அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பொய்யா சொன்னோம், பயப்பட? தோண்டட்டும், கண்ணால் பார்க்கட்டும்.

வண்டியை விற்றுக் குழி தோண்டினார். ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி, சீட்டு வாங்குகிற ஜன்னலுக்குப் பக்கத்தில். பத்தடி ஆழத்துக்கு மெஷினை விட்டால் சுவர் அதிருமென்று ஆட்களை வைத்தே தோண்டினார். மண் சரியாமல் இருக்கப் பலகை அடித்து முட்டுக் கொடுத்தார். நர்ஸ் வந்து தூசி பறக்கிறதென்று கத்தினாள். வரிசையில் நின்ற நோயாளிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்னங்க, புதையலா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாங்க, நாங்களே பொதைச்சது" என்றார் டெய்லர் மாப்பிள்ளை. கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவசரத்தில் இஞ்ச் டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த டேப்பை வச்சு அளந்தா பாதிக் குழிதான் எட்டும் மாப்ள" என்று சொல்லி, கான்ட்ராக்டர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

குழுவினர் மூக்கில் கர்ச்சீப்பைப் பிடித்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்கள். அளந்தார்கள். பத்தடி இருந்தது, அதற்கு மேலும் ஒரு சாண் இருந்தது. கருங்கல் வரிசை வரிசையாக, ஒரு இடம் பிசகாமல் இறங்கியிருந்தது. "நல்ல வேலை" என்று தலைவரே வாய்விட்டுச் சொன்னார். ஆபீஸ் தரப்பில் வந்திருந்த அதிகாரி சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் ஏன் அவ்வளவு அக்கறையாக எடுத்தார் என்று அன்றைக்கு இவர் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்!

மிச்சமிருந்தது ஒரே ஒரு பயம். பழைய என்ஜினியரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஆளுக்கு ரிட்டயராக ஆறு மாதம்கூட இல்லை. இந்த நேரத்தில் எவன் தன் தலையைக் கொண்டுபோய்க் கொடுப்பான்? 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழி இருந்தும் பிரயோஜனமில்லை. விசாரணைக்கு முந்தின நாள் கான்ட்ராக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

என்ஜினியர் வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"நான்தான் சார் சொன்னேன். கீழ போகச் சொன்னது நான், மூடச் சொன்னதும் நான். பேப்பர் தர்றேன்னு சொன்னேன், தரலை. மாத்தல் வந்த அவசரத்துல விட்டுட்டேன். இவர் மேல ஒரு தப்பும் இல்லை."

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? கான்ட்ராக்டருக்கு அந்த இடத்திலேயே அவர் கால் இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தலைவர் டீக்கு இடைவேளை விட்டார். கான்ட்ராக்டர் மாடிப்படிக்கு ஓடி வந்து தங்கச்சிக்குப் போன் போட்டார்.

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரும்மா! அளவும் இருக்கு, ஆளும் இருக்கு. இனி என்ன?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "பாத்திரமெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்கேண்ணா. அவுத்து அடுக்கிடவா?"

"அடுக்கும்மா. தைரியமா அடுக்கு."

டீ குடித்து முடித்ததும் ஆபீஸ் தரப்பு அதிகாரி எழுந்தார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் அவர் குரல் வெண்ணெயாக வழிந்தது.

"பத்தடி இருக்குங்கறதை நாங்க மறுக்கலை சார். என்ஜினியர் சொன்னதையும் மறுக்கலை. ரெண்டும் நிரூபணம் ஆயிடுச்சுன்னே பதிவு பண்ணிக்கலாம். ஆனா ஆழத்தை மாத்தச் சொல்ற அதிகாரம் சைட் என்ஜினியருக்குக் கிடையாது. தலைமைப் பொறியாளர் ஒருத்தருக்குத்தான் உண்டு. அதிகாரம் இல்லாதவர் சொன்னது அவரோட சொந்தப் பேச்சு. அரசாங்கம் சொன்னதாகாது. அதனால அரசாங்கத்துக்கு அதுல சம்பந்தமில்லை. அடுத்தது, ஒப்பந்தப்படி இருக்க வேண்டியது அஞ்சடி. இருக்கறது பத்தடி. கான்ட்ராக்டர் டிராயிங்கை மீறியிருக்காருன்னு அவரே குழி தோண்டிக் காட்டிட்டாரு."

போட்டோக்களை மேஜை மேல் பரப்பினார். எல்லாம் அழகாக வந்திருந்தன.

"கடைசியா ஒண்ணு. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டினதுல மண் இளகிப்போச்சு. அதைக் கான்ட்ராக்டர் தன்னோட செலவுல மூடி, இறுக்கிக் கொடுக்கணும். அதுவரைக்கும் வேலைக்கு முன்னால அவர் கட்டின டெபாசிட் பணத்தை விடுவிக்க முடியாது."

கான்ட்ராக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அவர் சொல்றது விதிப்படி சரியாத்தான் இருக்குங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக கான்ட்ராக்டருக்கு 'சரிங்க சார்' வரவில்லை.

"சார், தோண்டச் சொன்னது நீங்கதானே?"

"உங்க சம்மதத்தைக் கேட்டுத்தானே சொன்னேன்?"

"அஞ்சடியில நிறுத்தியிருந்தா கட்டடம் விழுந்திருக்குமே சார். உள்ள எவ்வளவு ஜனம் இருக்கு!"

"விழுந்திருக்கலாம்."

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

தலைவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்சம் யோசித்து உண்மையைச் சொன்னார். "விசாரணை வச்சிருப்பாங்க. நீங்க டிராயிங் பிரகாரம் கட்டினதா தெரிஞ்சிருக்கும். உங்க மேல தப்பு வந்திருக்காது. உங்க பில்லும் நின்னிருக்காது."

ஏ.சி. வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம், அந்த உரிமை இருக்கிறது என்று தலைவர் கனிவாகச் சொன்னார். கோர்ட்டில் கேஸ் முடிய எத்தனை வருஷமாகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். வீட்டை ஏலம் விடுகிற பாங்குக்காரனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வராந்தாவில் என்ஜினியர் தூணில் சாய்ந்து நின்றார். அதிகாரம் இல்லாமல் உத்தரவு கொடுத்ததாக அவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி குழுவின் தீர்ப்பிலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பென்ஷன் நின்றுபோகும்.

"உண்மையைச் சொன்னா உங்களுக்குப் பணம் வந்துரும்னு நெனச்சேன்யா" என்றார். "பொய் சொல்லியிருந்தா நானாவது பொழைச்சிருப்பேன்."

கான்ட்ராக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. இரண்டுக்குமே அந்த மனுஷன் உரியவர்தான்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தங்கச்சி சமையலறையில் இருந்தாள். அலமாரி நிறையப் பாத்திரங்கள், பெரியதிலிருந்து சின்னது வரைக்கும் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருந்தாள். கட்டி வைத்திருந்த கயிற்றைக்கூடச் சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். குப்பைக்கூடையிலிருந்து கயிற்றை எடுத்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"மெதுவா கட்டு, சாப்பிட்டுட்டுக் கட்டலாம்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் அதற்கு மேல் நக்கல் வரவில்லை. மெஷினின் முன்னால் போய் உட்கார்ந்து, யாருடைய சட்டைக்கோ காலர் தைத்தார். மறுநாள் டெலிவரி கொடுக்க வேண்டியிருந்தது.

ஏலத்தில் வீட்டை ஒரு மருந்துக்கடைக்காரர் எடுத்தார். ஆஸ்பத்திரி வந்த பிறகு அந்தப் பக்கம் மனை விலை ஏறிவிட்டதாம். ஆஸ்பத்திரி யாரால் நிற்கிறது என்று அவரிடம் போய்ச் சொல்லவா முடியும்? மெஷின்களில் ஒன்றை விற்றார்கள். இன்னொன்றை ஒரு துணிக்கடைக்காரர் தன் கடை வாசலில் போட்டுக்கொள்ள இடம் கொடுத்தார்.

சாவியை ஒப்படைக்கிற அன்றைக்குத்தான் குழியை மூடுகிற வேலையும் வந்து சேர்ந்தது. மூடாவிட்டால் டெபாசிட்டும் போய்விடும். அந்த டெபாசிட்டில்தான் தங்கச்சிக்கு ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. ஆட்கள் மண்வெட்டியோடு தயாராக நின்றார்கள். கான்ட்ராக்டர் குழிக்கரையில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்க மனசில்லை. பாங்கிலிருந்து நேராகத் தங்கச்சி அங்கே வந்து சேர்ந்தாள். சாவியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"எல்லாரும் வந்து பாத்தாங்க. நான் மட்டும் பாக்கவே இல்லைண்ணா. எறக்கி விடு."

"எதுக்கும்மா, மண்ணு."

"எறக்கி விடுண்ணா."

ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவரும் பின்னால் இறங்கினார். உள்ளே ஈரமும் குளிருமாக இருந்தது. மேலே யாரோ ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து அழுகிற சத்தம் கேட்டது.

"இதுல எது அவங்களோடது, எது நம்மளோடது?"

அவர் சுவரில் ஒரு இடத்தில் கையை வைத்தார். அவள் தலை உயரத்தில் இருந்தது அது. "இதுக்கு மேல அவங்க காசு கொடுத்தது. இங்கேருந்து அடி வரைக்கும் உன்னோடதும்மா."

அவள் அந்தக் கல்லையெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள், மேலிருந்து கீழே வரை. கல் சேருகிற இடங்களில் விரலை விட்டுப் பார்த்தாள். எங்கேயும் சந்து இல்லை.

"நம்ம வீட்டு அஸ்திவாரம்கூட இவ்வளவு நல்லா இருந்திருக்காதுண்ணா."

கான்ட்ராக்டர் உடைந்துபோனார். மேலே நின்ற ஆட்களுக்குக் கேட்குமே என்றுகூடப் பார்க்காமல், அந்தச் சுவரில் நெற்றியை வைத்து ஓவென்று அழுதார். அவள் அழவில்லை. முதுகைத் தட்டிக் கொடுத்தாள். கல்யாணத்தன்றைக்கு அவர் தட்டிக் கொடுத்து அனுப்பி வைத்த பெண், இப்போது அவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் மேலிருந்து எட்டிப் பார்த்து, "மூடிடலாங்களா?" என்று கேட்டார். கான்ட்ராக்டர் கல்லிலிருந்து நெற்றியை எடுக்கவில்லை. தங்கச்சி அவரை ஏணியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஏறி வந்து, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"மூடுங்கப்பா. அண்ணன் வாயால அதைச் சொல்ல மாட்டாரு" என்றாள்.